மயிலிறகுதானே

ஒரு நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. பதினோரு வருடமாக. மொத்தம் 1,140 பேர். சம்பளம் சரியாக வந்த மாதத்தில் யாரும் என் மேசைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கொஞ்சம் பிசகிய மாதத்தில் வரிசையில் நிற்பார்கள். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, தண்ணீர் வருகிற குழாய்க்கு யார் நன்றி சொல்கிறார்கள்? ஆனால் செய்த நல்லது எதுவும் கண்ணில் படாமல் தவறு மட்டுமே தெரிகிற வேலை ஆளை எப்படி அரிக்கும் என்பது எனக்குப் புரியப் பத்து வருடம் பிடித்தது.

போன வருடம் ஒரு மாதக் கடைசி, 26-ஆம் தேதி. வருகை, விடுப்பு விவரங்களை அந்த மாதச் சம்பளத்தில் சேர்க்கும் கடைசி நாளான கட்-ஆஃப் முந்தின நாளே முடிந்துவிட்டது. கிடங்குப் பிரிவில் இருக்கும் ஒருவர் வந்து மேசை முன்னால் நின்றார். "மேடம், அம்மா தவறிட்டாங்க. நாலு நாள் வரலை" என்றார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்தத் தேதியிலேர்ந்து? கட்-ஆஃபுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டேன். சொன்னார். பதிந்தேன். போய்விட்டார்.

அன்று இரவு பல் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவர் சொன்ன முதல் வாக்கியம் என் காதில் விழுந்தது. ஆறு மணி நேரம் கழித்து. வாயில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் அம்மா போன வாரத்தில் யாராவது என்னிடம் அப்படிக் கேட்டிருந்தால் ஆயுளுக்கும் மறந்திருக்க மாட்டேன். நான் கேட்டிருக்கிறேன், கேட்டதுகூட உறைக்கவில்லை.

இதற்கு முன்னாலேயே அறிகுறிகள் இருந்தன, நான்தான் வேறு பெயர் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணியானால் வயிற்றில் ஏதோ இறுகும். வீட்டுக்காரர் ஒருமுறை, "நாலு மணியானா உன் முகம் மாறுது, கடிகாரமே பார்க்க வேண்டாம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரே பத்தியை மூன்று முறை கூட்டுவேன், மூன்று விடை வரும். சரியாகப் போன 1,139 பேர் நினைவில் இருக்க மாட்டார்கள், பிடித்தம் தப்பாகப் போன அந்த ஒருவர் மட்டும் இரவு இரண்டு மணிக்கு வந்து நிற்பார்.

தூக்கம் வராத இரவுகளில் போனை நோண்டி இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். வேலையால் உள்ளே வற்றிப்போவதைக் குறிக்கும் 'பர்ன் அவுட்' என்ற சொல்லை ஆய்வுக் கட்டுரை வழியாகப் பலரும் அறியச் செய்தவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், 1974-ல். நியூயார்க்கில் பகல் முழுக்கச் சொந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு, இரவில் ஓர் இலவச மருத்துவமனையில் போய் உழைத்தவர். அங்கே தன்னைப் போலவே ஆசையாக வந்து சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக வற்றிப்போவதைப் பார்த்து எழுதினார். அந்த வரிசையில் அவரும் ஒருவர். இந்தத் தகவல் எனக்கு ஒரு விதத்தில் ஆறுதல். இதை எழுதிவைத்தவரே அதில் விழுந்து எழுந்தவர்தான்.

கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் 1981-ல் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார், சூசன் ஜாக்சனோடு சேர்ந்து. அவர் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார். உள்ளே ஒன்றும் மிச்சமில்லாத சோர்வு. எதிரே இருப்பவர் மனிதராகத் தெரியாமல் ஒரு வேலையாகத் தெரிவது. நான் செய்வதால் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம். முதலாவது எனக்கு இருப்பது தெரியும். மூன்றாவது இருப்பதும் தெரியும். இரண்டாவது இருப்பதை அந்தக் கிடங்குக்காரர் வந்துதான் காட்ட வேண்டியிருந்தது.

தமிழில் இதை 'எரிந்துபோதல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை, எரிந்தால் கொஞ்சம் வெளிச்சமாவது வரும். நம்மிடம் ஏற்கெனவே நல்ல சொற்கள் இருக்கின்றன. களைப்பு தூங்கினால் போகும். அலுப்பு நான்கு நாள் ஓய்ந்திருந்தால் போகும். சலிப்பு அப்படிப் போவதில்லை. அதிலும் மனிதர்கள் மேல் சலிப்பு வந்துவிட்டால், விடுப்பு முடிந்து திரும்பிய முதல் அரை மணி நேரத்திலேயே அதுவும் கூடவே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடும். எனக்கு வந்திருந்தது சலிப்பு. நான் களைப்புக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் 29-ஆம் தேதி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் ஏதோ தானாகத் திருந்தியதுபோல ஆகிவிடும். வங்கிக்கு அனுப்பும் ஃபைலைத் தயார் செய்தேன். எக்செல்லில் தொகைப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டேன், பெயர்ப் பத்தி அப்படியே நின்றுவிட்டது. அதாவது ஒருவர் பெயருக்கு நேரே இன்னொருவர் சம்பளம். மூன்று முறை சரிபார்த்தேன். மொத்தத் தொகை சரியாக இருந்தது, அது இருக்கத்தானே செய்யும்! முந்தின இரவு நான்கு மணி நேரம் தூங்கியிருந்தேன். அனுப்பப் போகும்போது பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, எம்டி சம்பளம் செக்யூரிட்டிக்குப் போகுது போலிருக்கே" என்றாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது அவளுக்கு.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். அழுகைகூட வரவில்லை.

அப்புறம் டாக்டரிடம் போனேன். தலைவலி என்று சொல்லித்தான் போனேன், அவர் தூக்கத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். ரத்தம் எடுத்துத் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொன்னார், ஏனென்றால் அவற்றில் குறை இருந்தாலும் இதே சோர்வு வரும். என்னுடையவை சரியாக இருந்தன. பிறகு அவர் கேட்ட கேள்வி: "வேலை இல்லாத நாள்ல, உங்களுக்குப் பிடிச்சது பிடிச்ச மாதிரியே இருக்கா?" இருக்கிறது, ஞாயிறு நாலு மணி வரைக்கும் இருக்கிறது என்றேன். எதிலுமே மனம் ஒட்டவில்லை, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை தனி, தள்ளிப்போடக் கூடாது என்றார். இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கும் என்பதால் இந்த வித்தியாசத்தை நாமே தீர்மானிக்காமல் டாக்டரிடம் விடுவது நல்லது. உலக சுகாதார நிறுவனமும் தன் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-ல் பர்ன் அவுட்டை நோய் என்று சேர்க்கவில்லை. வேலையிடத்தில் நாள்பட்டு, சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்று, வேலை சார்ந்த நிகழ்வாகத்தான் வைத்திருக்கிறது. எனக்கு இது முக்கியமாகப் பட்டது. என்னிடம் மட்டும் கோளாறு இல்லை, வேலையிடத்திலும் இருக்கிறது என்று ஓர் உலக அமைப்பு எழுதிவைத்திருக்கிறதே.

எங்கள் அலுவலகமும் சும்மா இருக்கவில்லை. மன உறுதிப் பயிலரங்கு ஒன்று நடத்தினார்கள். தேதி என்ன தெரியுமா? 28. மாதத்தில் முப்பது நாள் இருக்க, சம்பளப் பிரிவுக்கும் சேர்த்து 28. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டேன். நடத்தியவர் நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். மூச்சுப் பயிற்சியும் பொய்யில்லை, அந்த நேரத்துப் படபடப்பு அதில் குறையத்தான் செய்கிறது. ஆனால் மூச்சை விட்டு முடித்துக் கண்ணைத் திறந்தபோது 43 மெயில்கள் வந்திருந்தன.

பின்னால் ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். 2024-ல் வெளிவந்தது, பிரிட்டனில் 233 நிறுவனங்களில் 46,336 பேரின் பதில்களை வைத்து வில்லியம் ஃபிளெமிங் என்பவர் செய்தது. மன உறுதிப் பயிற்சி, தியானச் செயலி, அழுத்த மேலாண்மை வகுப்பு என்று தனிமனிதரைச் சரிசெய்யும் திட்டங்களில் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட நன்றாக இருக்கவில்லை. தொண்டுப் பணிக்குப் போகும் வாய்ப்பு மட்டும் விதிவிலக்கு. இது ஒரு கணக்கெடுப்புதான், இதை வைத்துப் பயிலரங்கு எல்லாமே வீண் என்று சொல்லிவிட முடியாது. என் அனுபவத்தோடு ஒத்துப்போவதால் எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். கூரை ஒழுகும் வீட்டில் இருப்பவருக்கு நனையாமல் இருக்கப் பயிற்சி கொடுத்தால் எத்தனை நாள் தாங்கும்?

மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் ஒரு நாள் வண்டியின் அச்சு முறியும் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அது அந்த வாரம் நினைவுக்கு வந்தது. என் வண்டியில் இருப்பது பாறையா, இறகா என்று எனக்கே தெரியவில்லை. யாரும் என்னிடம் பெரிய வேலை எதையும் தரவில்லை. எல்லாம் "அஞ்சு நிமிஷ வேலை மேடம்"தான். சரி, எண்ணிப் பார்ப்போம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்தேன். ஒவ்வொரு 'அஞ்சு நிமிஷ'த்துக்கும் ஒரு வரி. யார், என்ன, எவ்வளவு நேரம்.

பத்து வேலை நாளில் 94 வரிகள். அதில் 37, "இந்த மாசம் ஏன் குறைஞ்சிருக்கு?" என்ற ஒரே கேள்வி. 22, கட்-ஆஃப் முடிந்த பிறகு வந்த வருகைப் பதிவுத் திருத்தங்கள். 19 என் வேலையே இல்லை: யாருக்கோ எக்செல் ஃபார்முலா, யாருக்கோ கடிதம், இரண்டு முறை பிரிண்டர். மிச்சம் 16 மட்டுமே நியாயமாக என் மேசைக்கு வர வேண்டியவை. ஐந்து நிமிடம் என்று வந்தவற்றின் சராசரி பதினான்கு நிமிடம். விட்ட இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க ஆன நேரத்தை நான் எழுதவே இல்லை.

இந்த நோட்டுதான் எனக்கு உதவிய முதல் விஷயம். அதற்கு முன்பும் மேலாளரிடம் இரண்டு முறை பேசியிருக்கிறேன். "ரொம்ப டயர்டா இருக்கு சார்" என்று. "நீங்கதான் நம்ம டீமோட தூண்" என்பார். தூணாக இருப்பதில் என்ன சிக்கல் என்றால், தூணை யாரும் நகர்த்தவும் மாட்டார்கள், மேலே இன்னொரு மாடி கட்டவும் தயங்க மாட்டார்கள். இந்த முறை களைப்பைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. 37, 22, 19 என்று எழுதிய ஒரு தாளை வைத்தேன். எக்செல் குளறுபடியையும் மறைக்காமல் சொன்னேன். அவர் அதைக் கேட்டுத்தான் நாற்காலியில் நிமிர்ந்தார். களைப்பைக் கேட்டு நிமிராதவர் வங்கி ஃபைலைக் கேட்டு நிமிர்ந்தார் என்பதில் எனக்கு இன்னமும் கொஞ்சம் கசப்பு உண்டு. ஆனாலும் நிமிர்ந்தாரே.

உடனே நடந்தது இவ்வளவு: கட்-ஆஃபுக்குப் பிறகு வரும் திருத்தம் அடுத்த மாத அரியர்ஸில்தான் சேரும், துறைத் தலைவரே கேட்டாலும். பேஸ்லிப்பின் அடியில் "சென்ற மாதத்தைவிட மாற்றம்: விடுப்பு 2 நாள்" என்பது போல ஒரு வரி, சாஃப்ட்வேர்காரர்களுக்கு அரை நாள் வேலைதான். மாதக் கடைசி வாரத்தில் கேள்விகளுக்கு மூன்று முதல் நாலு மணி வரை மட்டும். வங்கி ஃபைலைத் தயார் செய்தவர் சரிபார்க்கக் கூடாது, இன்னொருவர் பார்க்க வேண்டும். கூடுதலாக ஓர் ஆள் கேட்டேன், அது கிடைக்க ஐந்து மாதம் ஆனது, அதுவும் பாதி நேரத்துக்கு.

வேலையின் அளவு அப்படி ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் இரண்டாவது மாதமே எனக்கு மூச்சு விட முடிந்தது. ஏன் என்று யோசித்தபோது வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-ல் எழுதியது பொருந்தியது. ஆளை அதிகம் வாட்டுவது வேலைப் பளு மட்டும் இல்லை, பளுவும் கூடி, எதை எப்போது எப்படிச் செய்வது என்பதில் நம் கையில் எதுவும் இல்லாமலும் போவதுதான் என்கிறார். மூன்று மணிக்குத்தான் கேள்வி வரும் என்று தெரிந்தால், இரண்டு மணி எனக்குச் சொந்தம். அதுவரை என் நாளில் எந்த மணியும் எனக்குச் சொந்தமாக இருந்ததில்லை.

மணிக்கணக்கையும் அப்போதுதான் கூட்டினேன். கடைசி வாரம் 66 மணி நேரம். மாதத்தில் ஒரு வாரம்தானே என்று தேற்றிக்கொண்டேன். பிறகு மூன்றாம் வாரத்தைக் கூட்டினால் 57. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து வெளியிட்ட கணக்கில், வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம், மாரடைப்பு வகை இதய நோயில் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். இதை மேலாளருக்கும் அனுப்பினேன். பதில் வரவில்லை. வீட்டுக்காரருக்கு அனுப்பியதுதான் தப்பு, அன்றிலிருந்து ஏழு மணிக்குப் போன் வரும்.

நானாகச் செய்துகொண்டவையும் சில உண்டு. கிளம்புவதற்கு முன், நாளைக் காலை எதிலிருந்து தொடங்குவது என்று ஒரே ஒரு வரி எழுதி, கீபோர்டின் மேல் வைத்துவிட்டு வருகிறேன். "வரிசை எண் 412, இரவுப் பணிப் படி" என்று அவ்வளவு குறிப்பாக. முடியாத வேலை மனதை நச்சரிப்பதைப் பற்றி மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் 2011-ல் ஆய்வு வெளியிட்டார்கள். வேலையை முடிக்கவே வேண்டாம், எப்போது எப்படி முடிப்பேன் என்று தெளிவாகத் திட்டமிட்டுவிட்டாலே மனம் அதை விட்டுவிடுகிறது என்று கண்டார்கள். எனக்குப் பத்துக்கு ஏழு நாள் விடுகிறது. மிச்ச மூன்று நாள் 412 கனவில் வரும்.

போனிலிருந்து அலுவலக மெயிலை எடுத்துவிட்டேன். முதல் வாரம் கை சும்மா சும்மா அந்த இடத்தைப் போய்த் தடவியது.

நீச்சல் கற்கச் சேர்ந்தேன், 42 வயதில். ஓய்வு என்றால் படுத்திருப்பது மட்டும் இல்லை, வேலையிலிருந்து மனத்தைக் கழற்றுவதும், புதிதாக ஒன்றில் தேறுவதும், அந்த நேரம் நம் விருப்பப்படி நடப்பதும் சேர்ந்தது என்று சபீன் சோனென்டாக் என்ற ஆய்வாளர் சொல்கிறார். நான் இன்னும் தேறவில்லை. பத்து மாதமாகக் குளத்தின் குறுக்கே போய்க்கொண்டிருக்கிறேன், நீளவாக்கில் தைரியம் வரவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவன் எனக்கு அறிவுரை சொல்கிறான். ஆனால் தண்ணீரில் மூச்சுக்குத் திணறும்போது சம்பளப் பட்டியலை நினைக்க முடியாது, இதை யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். தப்பாகச் செய்தாலும் யார் வீட்டிலும் கடன் தவணை தவறாது.

மன உறுதி என்றால் எதற்கும் அசையாமல் நிற்பது என்று நினைத்தே வளர்ந்தவள் நான். இப்போது அதில் பாதிதான் நம்பிக்கை. எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார். வறுமை, குடும்பச் சண்டை என்று மிக மோசமான சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களிடம் அவர் கண்ட பொது விஷயங்களில் ஒன்று, நம்பிச் சாய ஒரு பெரியவராவது கூட இருந்தது. எனக்கு அப்படி ஒருத்தி உண்டு, வேறொரு நிறுவனத்தில் இதே சம்பள வேலை பார்த்தவள். 27-ஆம் தேதி இரவு போன் செய்வோம். அறிவுரை கிடையாது. "எத்தனை பேர் பாக்கி?" என்பாள், "எண்பது" என்பேன், "எனக்கு நூத்துப் பத்து" என்பாள். வைத்துவிடுவோம்.

அவள் போன ஜூனில் அந்த வேலையை விட்டுவிட்டாள். நோட்டெல்லாம் போட்டுப் பார்த்தாள், காட்டவும் செய்தாள். அவளுடைய மேலாளர் நோட்டைப் படித்துவிட்டு, எழுத நேரம் இருந்திருக்கிறதே என்றாராம். அப்படிப்பட்ட இடத்தில் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கையில் சேமிப்பும் வேறு வேலையும் இருந்தது, அவளால் முடிந்தது. முடியாதவர்கள்தான் அதிகம் என்பதும் தெரியும்.

அந்தக் கிடங்குக்காரரிடம் நான் உடனே போய்ப் பேசவில்லை. வெட்கம். ஏழு மாதம் கழித்து முன்பணம் கேட்டு அவரே வந்தார். படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "நீங்களா மேடம்? யாரோ தேதி கேட்டாங்கன்னு ஞாபகம் இருக்கு. நான் அப்ப யாரையும் சரியாப் பார்க்கலை" என்றார்.

பிறகு அவராகவே உட்கார்ந்து அம்மாவைப் பற்றிச் சொன்னார். கடைசி இரண்டு வருடம் பார்வை போய்விட்டதாம், காலடிச் சத்தத்தை வைத்தே வந்திருப்பது எந்தப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்களாம். அப்போது மணி பதினொன்றரை, கேள்வி நேரமில்லை. இருபது நிமிடமாவது பேசியிருப்பார். நோட்டில் அதை எழுதவில்லை.